பெரட்டுக் களத்திலிருந்து வாக்குச் சாவடிக்கு

பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூரில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. தமிழர் பண்டே மக்களாட்சி கண்டவர் என்பதற்கு இவை மேடைதோறும் சான்றாகக் காட்டப்பெறுகின்றன. பெருமைக்குரிய செய்தியே. ஆயினும், அவற்றை ஊன்றிப் படிப்போர் மற்றோர் உண்மையையும் காண்பர். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையோரே குடவோலைக்கு உரியராயினர். உழுதவர்க்கு அங்கு இடமில்லை, பெண்டிர்க்கும் இடமில்லை. பின்னாளில் கப்பலேறி மலாயாவுக்கு வந்த தோட்டத் தொழிலாளரின் முன்னோர் பெரும்பாலும் அவ்வோலையில் பெயர் எழுதப்பெறாதவரே. ஆகவே, மக்களாட்சிப் பங்கேற்பு அவர்களுக்கு முன்னோர் விட்டுச் சென்ற சொத்தாக வரவில்லை. புதிய மண்ணில் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. அக்கல்வி எவ்வாறு நடந்தது என்பதற்குப் பேராக் மாநிலத்தின் வரலாறு நல்ல விளக்கம் தருகிறது.

தோட்டத்தில் பொழுது புலருமுன் பெரட்டு நடைபெறும். கிராணி பெயரைக் கூப்பிடுவார்; தொழிலாளி விடை சொல்வார்; கங்காணி காட்டிய நிரைக்குப் பால்வெட்டச் செல்வார். குடியிருந்த லயமும், குழந்தை படித்த பள்ளியும், குடித்த கள்ளும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே இருந்தன. எதையும் தாமே முடிவு செய்யும் வாய்ப்பு மிக அரிது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் தொழிற்சங்கங்கள் எழுந்தன. தொழிலாளர் வாய் திறந்து பேசினர். ஆனால், 1948 சூன் 16 ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 இல் தூக்கிலிடப்பட்டார். கூட்டத்திற்குச் செல்வதே ஆபத்து என்னும் அச்சம் லயங்களில் குடிகொண்டது.

இந்நிலையில் 1955 சூலை 27 இல் கூட்டரசு மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் வாக்காளருள் இந்தியர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. குடியுரிமை பெறாதோர் பலராயிருந்ததே இதற்குத் தலையாய காரணம். 1957 இல் நாடு விடுதலை பெற்றபோது, குடியுரிமைக் கதவு அகலத் திறந்தது. குறிப்பிட்ட சில பிரிவினர்க்கு ஓராண்டுக் காலம் மலாய்மொழித் தேர்விலிருந்தும் விலக்களிக்கப்பெற்றது. பலர் விண்ணப்பித்தனர், பலர் வாளாவிருந்தனர். ‘இந்தத் தாள் நமக்கு எதற்கு?’ என்று இருந்துவிட்டோரின் கையில் சிவப்பு அடையாள அட்டையே தங்கிற்று. 1969 இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமம் வேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரவர் பிழைப்பிழந்து தமிழகம் திரும்பினர். ஒரு விண்ணப்பத்தாளின் விலை அன்றே தெரிந்தது.

கதவு திறந்திருந்தும் மக்கள் ஏன் நுழையவில்லை? அறியாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுதல் எளிது. நடத்தையியலார் வேறு விளக்கம் தருவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் கர்ட் லெவின் என்னும் உளவியலறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். வழக்கமாகச் சமைக்காத ஈரல், இதயம் முதலிய உறுப்பிறைச்சியைச் சமைக்குமாறு இல்லத்தரசியரைத் தூண்டுதல் அதன் நோக்கம். விரிவுரை மட்டும் கேட்டோருள் நூற்றுக்கு மூவரே அதனைச் சமைத்தனர். தமக்குள் கூடிப் பேசி முடிவெடுத்தோருள் நூற்றுக்கு 32 பேர் சமைத்தனர். அறிவுரை கேட்பது வேறு; தம்மையொத்தாருடன் கலந்து தாமே உறுதி கொள்வது வேறு என்பது இதனால் விளங்கும். பெரட்டுக் களத்தில் பழகியவர்க்கு அறிவுரை மேலும் ஒரு கட்டளையாகவே ஒலித்திருக்கும்.

இவ்வுண்மையை நூலிற் படியாமலே செயலிற் காட்டியவர் சுங்கை சிப்புட்டில் 1919 இல் பிறந்த வீ.தி. சம்பந்தன். மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராக விளங்கிய அவர், 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்ற வழிசெய்தார். வெள்ளையர் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டாடத் தொழிலாளர் தெருவில் நின்ற காலம் அது. தோட்டந்தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்குதாரராகுமாறு தொழிலாளரை அவர் அழைத்தார். 1961 இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. கூட்டுறவில் ஓர் உறுப்பினர்க்கு ஒரு வாக்கு. பங்கின் பெருமை பார்ப்பதில்லை. பெயர் கூப்பிட்டதும் கைகட்டி நின்றவர், கணக்கைக் கேட்கவும் கை உயர்த்தவும் உரிமை பெற்றார். சிறு செயலுக்கு இசைந்தவர் பின்னர்ப் பெருஞ்செயலுக்கும் இசைவர் என்று ஃபிரீட்மன், ஃபிரேசர் என்னும் ஆய்வாளர் 1966 இல் கண்டறிந்தனர். அதற்கு ஆறாண்டுகள் முன்பே பத்து வெள்ளி அவ்வேலையைத் தொடங்கிவிட்டது.

இனி, கதையின் ஆற்றலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிறுவயதில் கண்ட அரிச்சந்திர நாடகம் தம் உள்ளத்தைப் பற்றிக்கொண்டதைக் காந்தியடிகள் தம் வரலாற்றில் குறித்துள்ளார். சுங்கை சிப்புட்டில் 1954 இல் எழுந்த தமிழ்ப்பள்ளி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தோட்டப்புறத் திருவிழாக்களிலும் கூத்தும் கதைப்பாட்டும் மக்களை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்தன. எனினும், கதையில் இருவகை உண்டு. ‘ஒரு தலைவன் வருவான், நம்மைக் காப்பான்’ என்னும் கதை, கேட்போரைக் காத்திருக்கச் செய்யும். ‘நம்மைப் போன்ற ஒருவர் எழுந்தார், கேட்டார், பெற்றார்’ என்னும் கதையோ கேட்போரை எழச் செய்யும். சம்பந்தனின் வரலாற்றைக்கூட முதல் வகையாகவே சொல்லிவிடுதல் கூடும். பத்து வெள்ளி கொடுத்த பல்லாயிரவரை விட்டுவிட்டால் அவ்வரலாறு பாதி வரலாறே.

இன்று பேராக்கின் பழைய இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தோரின் மக்கள் ஈப்போவிலும் பிற நகரங்களிலும் சிதறி வாழ்கின்றனர். 2021 திசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். விண்ணப்பத்தாளின் தடை நீங்கிற்று. ஆயினும், 2018 இல் நூற்றுக்கு 82 பேர் வாக்களித்த நாட்டில், 2022 இல் ஏறத்தாழ 74 பேரே வாக்களித்தனர். வாக்காளர் தொகை 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சமாகப் பெருகியும், விழுக்காடு குறைந்தது. பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சட்டத்தால் இயலும். காலைச் சாவடிக்கு நடத்த அதனால் இயலாது.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998 இல் நடந்த ஆய்வில், வீடு தேடி வந்து நேரிற் பேசியோரின் அழைப்பு வாக்களிப்போரைக் கணிசமாக உயர்த்தியது. தொலைபேசி அழைப்போ பயன் தரவில்லை. முகம் பார்த்துப் பேசுவோர் ஊரில் ஆசிரியரைவிட எவர் உளர்? எக்கட்சிக்கும் சார்பின்றி அவர் ஆற்றத்தக்க பணிகள் உள்ளன. வகுப்புத் தலைவரை ஆசிரியர் நியமியாமல் மாணவர் வாக்கிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். நூலகத்திற்கு எந்நூல் வாங்குவது என்பதை மாணவர் குழுவாய்க் கூடி முடிவு செய்யலாம். பாட்டன் பாட்டியின் சிவப்பு அட்டைக் கதையையும் கூட்டுறவுப் பங்குக் கதையையும் கேட்டெழுதிக் கட்டுரையாக்கலாம். பத்து வயதில் கை உயர்த்திப் பழகிய மாணவர்க்குப் பதினெட்டு வயதில் வாக்குச் சாவடி அயலிடமாகத் தோன்றாது.