சாத்தானுடன் ஒப்பந்தம் போட்ட போப்பாண்டவர்?

இன்னைக்கு ஒரு முக்கோணத்துல இருந்து ஆரம்பிக்கலாம். மூணு பக்கமும் சமம், ஒவ்வொண்ணும் 7 அடி. பரப்பளவு என்ன?

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அடல்போல்டு என்ற மதகுருவுக்கு இப்படி ஒரு குழப்பம். அவர் கேட்டது 30 அடி முக்கோணம். பதில் எழுதினவர் எளிமைக்காக அதை 7 ஆக்கினார். அப்போது இரண்டு விதிகள் புழக்கத்தில் இருந்தன. ஏழை எட்டால் பெருக்கிப் பாதியாக்கினால் 28. அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்கினால், உயரம் 6 என்று வைத்தால், 21. எதை நம்புறது?

பதில் இதுதான்: முதல் விதி முக்கோணத்தைச் சின்னச் சதுரங்களாக எண்ணுகிறது. விளிம்பில் ஒரு சதுரத்தின் ஓரம் மட்டும் உள்ளே இருந்தாலும் முழுசாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் அதிகம் வருகிறது. உண்மையான விடை சுமார் 21.2.

இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வேலையில சேர்ந்த புதுசுல, ஒரு படத்துல இருக்கிற வடிவத்தோட பரப்பைக் கணக்கிட நான் எழுதின கோடுலயும் இதே பிழைதான். ஓர பிக்சல்களை முழுசா எண்ணிட்டு ரெண்டு நாள் முழிச்சேன்.

பதில் எழுதியவர் ஜெர்பெர். பிரான்ஸில் ஒரியாக் மடத்தில் வளர்ந்தவர். 967ல் பார்சிலோனா பிரபு போரெல் அவரைக் கட்டலோனியாவுக்கு அழைத்துப்போனார். அங்கே வீக் நகர பிஷப் ஆத்தோவிடம் கணிதம் படித்தார். பக்கத்திலேயே முஸ்லிம் ஸ்பெயின். அரபு அறிவு எல்லை தாண்டி வந்துகொண்டிருந்த இடம் அது. பிறகு 984ல், பார்சிலோனாவில் இருந்த லுபிட்டஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, அவர் மொழிபெயர்த்த நட்சத்திர சாஸ்திரப் புத்தகத்தைக் கேட்கிறார்.

ரைம்ஸ் நகரில் ஆசிரியராக இருந்தபோது கேடயம் செய்கிற ஒருவரைக் கொண்டு ஒரு கணக்குப் பலகை செய்ய வைத்தார். அவருடைய மாணவர் ரிஷே விவரமாக எழுதிவைத்திருக்கிறார்: 27 பத்திகள், கொம்பில் செய்த 1000 வில்லைகள். ஏழு கூழாங்கல் வைக்கிற இடத்தில் 7 என்று குறித்த ஒரே வில்லை. அந்தக் குறிகள், இந்தியாவில் பிறந்து அரபு வழியாகப் போன ஒன்பது எண்கள்தான். பூஜ்யம் மட்டும் இல்லை, தேவைப்படவும் இல்லை. பத்தி காலியா இருந்தா அதுதான் பூஜ்யம்!

999ல் இதே மனிதர் இரண்டாம் சில்வெஸ்டர் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். பிரான்ஸிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள்.

இவ்வளவு படிச்சவரை ஊர் சும்மா விடுமா? அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, மாம்ஸ்பரி வில்லியம் என்ற ஆங்கிலேயத் துறவி எழுதுகிறார்: ஜெர்பெர் ஸ்பெயினில் சூனியம் கற்றாராம், சாத்தானோடு ஒப்பந்தமாம், கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லும் ஒரு தலையை வார்த்து வைத்திருந்தாராம். ஜெருசலேமில் பூசை செய்யும்வரை சாகமாட்டாய் என்றதாம் அந்தத் தலை. ரோமிலேயே ஜெருசலேம் என்ற பெயரில் ஒரு தேவாலயம் இருந்ததை அவர் மறந்துட்டாராம். கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அரபு நாட்டுப் படிப்பு மேல இருந்த பயம் அதுல அப்படியே தெரியுது.

உண்மையில் அவர் 1003 மே 12 அன்று ரோமில் இறந்தார். ஐரோப்பியக் கணக்கர்கள் ரோமன் எண்களிலேயே தொடர்ந்தார்கள். ஃபிபோனாச்சியின் புத்தகம் பூஜ்யத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தபோது வருஷம் 1202.