அப்பர் பட்ட சூலையும் நம்மூர் மெடிக்கல் ஷாப்பும்

தமிழ் வரலாற்றுலயே ரொம்பப் பிரபலமான வயித்துவலி எது தெரியுமா? அது எங்க ஊர்ல வந்த வலிதான். திருப்பாதிரிப்புலியூர். கடலூருக்கு வர்றவங்க ரயில்வே ஸ்டேஷன் போர்டைப் பார்த்துட்டு "எவ்ளோ நீளமான பேரு"ன்னு சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. அந்தப் பேருக்குள்ளயே ஒரு மருந்து இருக்கு. பாதிரிதான் பாடலீஸ்வரர் கோயிலோட தலமரம். ஆயுர்வேதத்துல தசமூலம்னு சொல்ற பத்து வேர்கள்ல பாதிரி வேரும் ஒண்ணு. புலிக்கால் முனிவர் வழிபட்டதால புலியூர். சிதம்பரம் பெரும்பற்றப்புலியூர்னா இது பாதிரிப்புலியூர்.

இந்த ஊர் ஒரு காலத்துல சமணர்களோட பெரிய கல்வி மையம். பேரு பாடலிபுரம். சர்வநந்தின்னு ஒரு சமண முனிவர் 'லோகவிபாகம்'ங்கிற நூலை இங்கதான் எழுதினார். சக ஆண்டு 380, காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டுன்னு குறிப்பு இருக்கு. அதாவது கி.பி. 458. பல்லவர் வரலாற்றுல காலக்கணக்குப் போடுறவங்களுக்கு இது ஒரு முக்கியமான தேதி.

ஏழாம் நூற்றாண்டுல திருவாமூர் மருள்நீக்கியார் இந்த மடத்துல சேர்ந்து தருமசேனர் ஆகி, பெரிய பொறுப்புக்கும் வந்துட்டார். அப்பத்தான் வயித்துல சூலை. கதையைச் சொல்றவர் சேக்கிழார், 12-ஆம் நூற்றாண்டு. நடந்து ஐந்நூறு வருஷம் கழிச்சு எழுதினது, அதுவும் சைவர் தரப்புல இருந்து எழுதினதுங்கிறதை ஞாபகம் வெச்சுக்கணும். ஆனா அப்பர் தன் வாயாலயே வலியைப் பத்திப் பாடியிருக்கார். நான்காம் திருமுறையோட முதல் பதிகமே அதுதான், கொல்லிப் பண். குடலைப் பிடிச்சு முறுக்குற வலியை அவ்வளவு நேரடியாச் சொன்ன பாட்டு அதுக்கு முன்னாடி தமிழ்ல இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சு இல்ல.

சேக்கிழார் சொல்ற ஒரு விவரம்தான் எனக்குப் பிடிச்சது. மத்த சமண முனிவர்கள் சும்மா இருக்கல. கமண்டலத்துத் தண்ணியை மந்திரிச்சுக் குடிக்கக் கொடுத்தாங்க, மயில்பீலியால தடவினாங்க. கேக்கல. கடைசியில சமையல்காரர் மூலமா அக்கா திலகவதியாருக்குச் சொல்லி அனுப்பினார். அக்கா "அங்க நான் வரமாட்டேன்"னுட்டாங்க. பாயையும் பீலியையும் போட்டுட்டு, ராத்திரியோட ராத்திரியா திருவதிகைக்குப் போனார். கெடிலக்கரைதான், ஆனா 20 கிலோமீட்டருக்கு மேல இருக்கும். அந்த வலியோட! அக்கா திருநீறு கொடுத்தாங்க, பதிகம் பாடினார், வலி போச்சு. பின்னாடி பல்லவ மன்னனும் சைவத்துக்கு மாறி, பாடலிபுரத்துப் பள்ளியை இடிச்சு, அந்தக் கல்லை வெச்சு அதிகையில குணபரவீச்சரம் கட்டினான்னு பெரியபுராணம் சொல்லுது. குணபரன்கிறது முதலாம் மகேந்திரவர்மனோட பட்டப்பேர். ஒரு வயித்துவலியில ஆரம்பிச்சு ஒரு ஊரோட மதமே மாறிப்போச்சு!

சரி, அந்தச் சூலை என்ன வியாதி? பித்தப்பைக் கல்லா, அல்சரா, சிறுநீரகக் கல்லா? 1400 வருஷம் கழிச்சு ஸ்கேன் எடுக்க முடியாது. யாராவது "அப்பருக்கு ஐ.பி.எஸ்."னு சொன்னா நம்பாதீங்க. ஆனா அந்தக் கதையில இருக்கிற ஒரு காட்சி இன்னிக்கும் நடக்குது. வலிக்கிறவன் ஒருத்தன். சுத்தி நாலு பேர், ஆளுக்கொரு வைத்தியம்.

இதை எழுதறதுக்குக் காரணம், நானும் அந்த வலிக்கிற ஆள்தான். வருஷக்கணக்கா வயிறு உப்புசம், ஒரு வாரம் மலச்சிக்கல், அடுத்த வாரம் ஓட்டம். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி பாத்ரூம் எங்கன்னு தேடுற பொழப்பு. ஒரு மருந்துக்கடையில "வயிறு சரியில்லண்ணே"ன்னு சொன்னதும் மூணு டப்பா எடுத்து வெச்சாங்க. ஒரு என்சைம், ஒரு ப்ரோபயாடிக், ஒரு மூலிகைக் கேப்சூல். எண்ணூறு ரூபா. மயில்பீலி ஞாபகம் வந்துச்சு :-)

ஐ.பி.எஸ்.ங்கிற பேர் 1944-லயே மருத்துவக் கட்டுரையில வந்துடுச்சு. 2016-ல வந்த நாலாவது ரோம் வரையறைப்படி, கடைசி மூணு மாசத்துல வாரத்துக்கு ஒரு நாளாவது வயித்துவலி இருக்கணும். அதோட மலம் போறதுக்கும் வலிக்கும் சம்பந்தம், போற தடவையில மாற்றம், மலத்தின் தன்மையில மாற்றம், இந்த மூணுல ரெண்டாவது இருக்கணும். தொல்லை ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆகியிருக்கணும். குடலும் மூளையும் பேசிக்கிற விதத்துல வர்ற கோளாறுன்னு இதை இப்ப வகைப்படுத்துறாங்க.

கடை அலமாரியில இருக்கிறதுல எது தேறும்? அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2021-ல கொடுத்த வழிகாட்டியைப் படிச்சேன். தண்ணியில கரையிற நார்ச்சத்துக்குத்தான் உறுதியான பரிந்துரை. அதாவது நம்ம இசப்கோல். குதிரைக்காதுன்னு அர்த்தம் வர்ற பாரசீகப் பேர், விதையோட உருவத்தை வெச்சு வந்தது. உலகத்துக்கே குஜராத்துல இருந்துதான் பெருமளவு போகுது. கோதுமைத் தவிடு மாதிரி கரையாத நார் இதுக்கு உதவாது, சிலருக்கு உப்புசத்தைக் கூட்டிடும். அடுத்தது புதினா எண்ணெய்க் கேப்சூல். மென்தால் குடல் தசையைத் தளர்த்தும். வயித்துல கரையாம குடல்ல கரையிற மாதிரி பூச்சு போட்டதா இருக்கணும், இல்லன்னா நெஞ்செரிச்சல்தான். ப்ரோபயாடிக்கை அந்த வழிகாட்டி பரிந்துரைக்கல, ஆதாரம் போதாதுன்னுட்டாங்க. என் மூணு டப்பாவுல ஒண்ணு கூட இந்தப் பட்டியல்ல இல்ல!

இன்னொண்ணு. சப்ளிமென்ட்னு விக்கிறது நம்ம நாட்டுச் சட்டத்துல உணவு, மருந்து இல்ல. 2016-ல வந்த விதிப்படி 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'ன்னு டப்பாவுலயே போடணும். திருப்பிப் பாருங்க, பொடி எழுத்துல இருக்கும்.

அப்ப "எனக்குக் கேட்டுச்சு"ன்னு சொல்றவங்க எல்லாம் பொய்யா? இல்ல. 2010-ல ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 80 ஐ.பி.எஸ். நோயாளிகளை எடுத்துக்கிட்டாங்க. பாதிப்பேருக்கு "இதுல மருந்தே இல்ல, சர்க்கரை மாத்திரை மாதிரி"ன்னு வெளிப்படையாச் சொல்லியே மாத்திரை கொடுத்தாங்க. மூணு வாரத்துல அதுல 59 சதவீதம் பேருக்கு நல்ல நிவாரணம். ஒண்ணும் கொடுக்காதவங்கள்ல 35 சதவீதம். ரெண்டு எண்ணையும் பாருங்க. சும்மா இருந்தாலே மூணுல ஒருத்தருக்குக் குறையுது. மருந்தில்லாத மாத்திரைன்னு தெரிஞ்சே சாப்பிட்டாலும் இன்னும் குறையுது. அதனால எந்த டப்பாவைச் சாப்பிட்டாலும் சாட்சி சொல்ல நாலு பேர் கிடைப்பாங்க. திருநீறை நான் சர்க்கரை மாத்திரைன்னு சொல்ல வரல, அது பக்தி, அதோட கணக்கு வேற. ஆனா அந்த ராத்திரியில அக்கா கதவைத் திறந்தாங்களே, அதுவும் வைத்தியத்துல ஒரு பங்குதான்னு தோணுது.

நான் செஞ்சது இதுதான். மூணையும் ஓரம் கட்டிட்டு, இசப்கோல் மட்டும், சின்ன ஸ்பூன்ல ஆரம்பிச்சு, பெரிய டம்ளர் தண்ணியோட, ஒரு மாசம். தண்ணி குறைச்சலாக் குடிச்சா தொண்டையில அடைச்சுக்கும், ஜாக்கிரதை. மத்த மாத்திரைகளோட சேர்த்துப் போடக்கூடாது, இடைவெளி விடணும். தொல்லை முழுசாப் போகல, பாதி குறைஞ்சிருக்கு. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணை மாத்தினதால எது வேலை செஞ்சதுன்னு கொஞ்சமாவது சொல்ல முடியுது.

மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையுறது, ரத்தசோகை, தூக்கத்துல எழுப்புற வலி, அம்பது வயசுக்கு மேல புதுசா வந்த தொல்லை - இதுல ஒண்ணு இருந்தாலும் கடைக்காரர்கிட்ட நிக்காதீங்க, டாக்டரைப் பாருங்க. அப்பர் பட்ட மாதிரி தாங்க முடியாத வலின்னாலும் அப்படித்தான். அவருக்கு ராத்திரியில நடந்து போக அதிகை இருந்துச்சு. நமக்கு ஆஸ்பத்திரி இருக்கு, விடியுற வரைக்கும் காத்திருக்காதீங்க.