முப்பது உசிரு: பழைய காண்ட்ரா உண்மையிலேயே அவ்வளவு கஷ்டமா?

போன பொங்கல் லீவுக்குக் கோபிச்செட்டிபாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் டிவி முன்னால் உட்கார்ந்து 2024-ல் வந்த 'காண்ட்ரா: ஆபரேஷன் கலுகா' ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குண்டு படுகிறது, ஆள் சாகவில்லை. திரையின் ஓரத்தில் இருக்கும் ஒரு கோடு மட்டும் கொஞ்சம் குறைகிறது.

"இதென்னடா ஆட்டம்? எங்க காலத்துல ஒரு குண்டு பட்டா ஒரு உசிரு போச்சு. மொத்தமே மூணு உசிருதான். இப்ப வர்றதெல்லாம் பச்சப்புள்ளைங்க ஆடறதுக்கு" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சமையல்கட்டிலிருந்து அக்காதான் கேட்டாள். "ஆமாமா, உங்க காலத்துல எனக்கு எத்தன உசிரு குடுத்தீங்க?"

அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் கோவைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வி விடவில்லை. நான் பெருமை பேசிய ஆட்டத்தை நாங்கள் உண்மையில் எப்படி ஆடினோம்? வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டி, தெரிந்ததையெல்லாம் வரிசைப்படுத்தியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

டிவி கேம் வந்த கதை

காண்ட்ராவை ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987-ல் வெளியிட்டது. முதலில் அது காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரம். 1988-ல் நின்டெண்டோவின் வீட்டுக் கருவிக்கு வந்தது. பில், லான்ஸ் என்று இரண்டு சிப்பாய்கள், எட்டு ஸ்டேஜ், ஒரு குண்டு பட்டால் சாவு. ஆட்டம் தெரிந்த ஒருவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிங்காநல்லூரில் மில் லைன் வீட்டில் வளர்ந்த எங்களுக்கு நின்டெண்டோ என்ற பெயரே தெரியாது. 90-களில் எங்கள் கைக்கு வந்தது அதன் நகல். பேர் 'டிவி கேம்'. மஞ்சள் கேசட், இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு அடாப்டர். வீடியோ கடையில் அரை நாள் வாடகைக்கு எடுத்து வருவோம். அப்பா காலை ஷிப்டுக்குப் போய், மில் சங்கு ஊதித் திரும்பி வருவதற்குள் ஆடி முடிக்க வேண்டும். ஆட்டத்தைச் சேமிக்க வழி கிடையாது. ஆறாவது ஸ்டேஜில் நிற்கும்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து காடுதான். கொனாமிக்காரன் வைக்காத ஒன்பதாவது ஸ்டேஜ் அது. மின்வாரியம் வைத்தது.

இதையெல்லாம் சேர்த்துத்தான் 'கஷ்டம்' என்று ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆனால் இன்னொரு பக்கத்தை வசதியாக மறந்துவிட்டோம்.

கேசட்டுக்குள் இருந்த சுலபம்

அந்தக் கேசட்டுகளின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். சிலவற்றில் இன்னும் நிறைய ஒன்பது. போட்டால் கடற்கரைப் படமும் பறக்கும் பறவைகளும் ஒரு மெல்லிய இசையும் வரும். (அது 'அன்செயின்டு மெலடி' என்ற பழைய ஆங்கிலப் பாட்டின் மெட்டு என்று ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.) அப்புறம் பட்டியல். பக்கம் பக்கமாகப் போகும்.

ஆனால் உள்ளே இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான். நம்பரை நிரப்புவதற்காக ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள். அப்படியே போட்டால் கண்டுபிடித்துவிடுவோம் அல்லவா? அதனால் சின்னச் சின்ன மாற்றம். ஒரு காண்ட்ரா முதல் ஸ்டேஜில் தொடங்கும். இன்னொன்று மூன்றாவதில். மற்றொன்றில் கையில் ஏற்கெனவே நல்ல துப்பாக்கி இருக்கும். இன்னொன்றில் 30 உசிரு.

நாங்கள் எதைத் தேர்ந்தெடுத்தோம்? சத்தியமாக 30 உசிரு வரிசையைத்தான். எந்த வரிசையில் இருக்கிறது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம். மூன்று உசிரோடு தொடங்கும் அசல் காண்ட்ராவை நான் முடித்ததே இல்லை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஜாய்ஸ்டிக்கிலும் ஒரு விஷயம். அசல் நின்டெண்டோ ஜாய்ஸ்டிக்கில் சுடுவதற்கு ஒரு பொத்தான், குதிப்பதற்கு ஒரு பொத்தான். எங்கள் நகலில் அவற்றுக்கு மேலே 'டர்போ' என்று இன்னும் இரண்டு. அதை அழுத்திப் பிடித்தால் போதும், தானாகச் சடசடவென்று சுடும். சாதாரணத் துப்பாக்கியே மெஷின் கன் மாதிரி ஆகிவிடும். நாங்கள் அதைத் தவிர வேறு பொத்தானைத் தொட்டதே இல்லை. அது ஏமாற்று என்றும் யாருக்கும் தோன்றவில்லை. பொத்தான் இருக்கிறது, அழுத்துகிறோம்.

அமெரிக்கப் பையன்கள் மட்டும் மூன்று உசிரோடு வீரம் காட்டினார்களா என்றால், அங்கேயும் இல்லை. மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று தொடக்கத் திரையில் அழுத்தினால் 30 உசிரு கிடைக்கும். அதுதான் புகழ்பெற்ற 'கொனாமி கோட்'. அதை உருவாக்கியவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-ல் 'கிராடியஸ்' என்ற ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க அது தனக்கே ரொம்பக் கடினமாக இருந்ததால் இந்தக் குறுக்குவழியை வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். 2020-ல் காலமானார். காண்ட்ரா வீட்டுக்கு வந்தபோது அந்தக் குறுக்குவழியும் கூடவே வந்தது. ஆக, சுலப வழி 2024-ல் புதிதாக முளைத்ததில்லை. 1988-லேயே உள்ளே இருந்தது. தெரிந்தவனுக்கு மட்டும் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கஷ்டத்தை யார் முடிவு செய்தார்கள்?

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் சுவாரஸ்யமாகப் பட்டது. ஒரு ஆட்டம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதைக் கலை மட்டும் முடிவு செய்யவில்லை. வியாபாரமும் செய்தது.

ஆர்கேட்டில் கணக்கு நேரடியானது. ஆள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். வீட்டுக்கு வந்தபோது கணக்கு மாறியது. அரை மணி நேர ஆட்டத்தை முழு விலைக்கு விற்க வேண்டும். வாங்கியவன் ஒரே நாளில் முடித்துவிட்டால் ஏமாந்த மாதிரி நினைப்பான். அதனால் அரை மணி நேரத்தை ஒரு கோடை விடுமுறையாக இழுக்கக் கஷ்டம் உதவியது.

மூன்றாவது கணக்கு வாடகை. ஜப்பானில் வீடியோ கேமை வாடகைக்கு விடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் 1990-ல் மென்பொருள் வாடகையைத் தடுக்கச் சட்டம் வந்தபோதும், வீட்டுக் கேம் கேசட்டுகளுக்கு விலக்கு கிடைத்தது. வார இறுதியில் வாடகைக்கு எடுத்து முடித்துவிட்டால் யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? இந்தப் பயம் ஆட்டங்களுக்குள்ளேயே தெரிகிறது. நல்ல உதாரணம் காண்ட்ரா வரிசையிலேயே இருக்கிறது. 1994-ல் சேகா கருவிக்கு வந்த 'காண்ட்ரா: ஹார்ட் கோர்'. ஜப்பான் பதிப்பில் ஒரு உசிருக்கு மூன்று அடி தாங்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் தொடரலாம். அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடியில் சாவு, தொடர்வதற்கும் கட்டுப்பாடு. ஒரே ஆட்டம்தான், ஊர் மாறியதும் கஷ்டம் மாறிவிட்டது.

எப்போதும் அமெரிக்காவுக்குக் கடினமாகவே கொடுத்தார்கள் என்றும் இல்லை. 1986-ல் ஜப்பானில் வந்த இரண்டாவது 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ரொம்பக் கடினம் என்று கருதி, நின்டெண்டோ அதை அமெரிக்காவுக்கே அனுப்பவில்லை. வேறொரு ஆட்டத்தை மாரியோ ஆட்டமாக மாற்றி, 1988-ல் அதையே 'மாரியோ 2' என்று விற்றது.

இப்போது நம்ம ஊர்க் கேசட்டுக்கு வாருங்கள். நாங்களும் வாடகைக்குத்தான் எடுத்தோம். ஆனால் எங்களுக்கு விற்றவனின் கணக்கு வேறு. அவனுக்கு லேபிளில் பெரிய நம்பர் வேண்டும். அந்த நம்பரை நிரப்ப 30 உசிரு கொடுத்தான். வாடகையைப் பற்றிய பயம் அமெரிக்காவில் காண்ட்ராவைக் கடினமாக்கியது என்றால், லேபிளில் சொன்ன பொய் கோவையில் அதைச் சுலபமாக்கியது. எங்கள் வீரம் ஒரு கள்ளக் கேசட்டின் தயவு.

புதியதெல்லாம் சுலபமா?

'பழையது கஷ்டம், புதியது சுலபம்' என்று ஒரு நேர்கோடு போட முடியுமா என்று பார்த்தால், அதுவும் சரிப்படவில்லை. 2002-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'ஷாட்டர்டு சோல்ஜர்' முதல் காண்ட்ராவைவிடக் கொடுமை. எதிரிகளில் எத்தனை சதவீதத்தை அடித்தாய் என்று மதிப்பெண் வேறு போடும். 2007-ல் நின்டெண்டோ டிஎஸ்ஸில் வந்த 'காண்ட்ரா 4' வேண்டுமென்றே பழைய பாணியில் கடினமாகச் செய்யப்பட்டது. கூடவே சுலப முறையும் இருந்தது. அதைச் செய்த வேஃபார்வர்டு நிறுவனம்தான் 2024-ல் 'ஆபரேஷன் கலுகா'வையும் செய்தது. கஷ்டமாகச் செய்யத் தெரியாமல் சுலபமாக்கியவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது.

அக்கா மகனின் திரையில் நான் பார்த்த அந்த உசிருக் கோடுகூடக் கட்டாயமில்லை. வேண்டாமென்றால் ஒரே அடியில் சாகும் முறையை எடுத்துக்கொள்ளலாம். அவன்தான் காட்டினான். "மாமா, நீங்க சொன்ன மாதிரியே வெச்சுத் தர்றேன், ஆடுங்க" என்று மாற்றிக் கொடுத்தான். முழுசாக இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. டர்போ பொத்தானைத் தேடி என் கட்டைவிரல் அலைந்ததுதான் மிச்சம்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. பழைய காண்ட்ராவில் எதிரி எங்கே வருவான் என்பது மாறாது. செத்துச் செத்து அதை மனப்பாடம் செய்வதுதான் ஆட்டமே. உசிருக் கோடு இருந்து, ஆட்டத்துக்குள் சேர்த்த காசில் கூடுதல் சலுகைகளும் வாங்கிவிட்டால், எதையும் கவனிக்காமல் அடி வாங்கிக்கொண்டே கடந்துவிடலாம். முடித்த பிறகு ஒன்றும் ஞாபகம் இருக்காது. அந்த இழப்பு உண்மை. ஆனால் 30 உசிரோடு ஆடிய நானும் பாதி ஸ்டேஜை அப்படித்தான் கடந்தேன். அதனால் இந்தக் குறையைச் சொல்ல எனக்கு முழு உரிமை இல்லை.

அக்காவின் முறை

கடைசியாக, அக்கா கேட்ட கேள்வி.

எங்கள் வீட்டு விதி இது: ஆட்டம் முடிந்தால் ஜாய்ஸ்டிக்கை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கடினமான ஆட்டத்தில் இந்த விதி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நன்றாக ஆடுகிறவன் அரை மணி நேரம் ஆடுவான், இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்வான். புதிதாக வருகிறவள் சீக்கிரம் செத்து எழுந்துவிட வேண்டும். அக்கா வாசல் தெளித்து, குடத்தில் தண்ணி பிடித்து வைத்து, அம்மாவுக்கு உதவிவிட்டு வருவதற்குள் வாடகை நேரத்தில் பாதி போயிருக்கும். அதிலும் "அக்கா ஆடினா நேரம்தான் வேஸ்ட்டு" என்று நானும் பெரியப்பா பையனும் சேர்ந்து, அவளுக்கு மட்டும் மூன்று உசிரு காண்ட்ராவைப் போட்டுக் கொடுப்போம். 30 உசிரு எங்களுக்கு.

இருவர் ஆட்டத்தில் அவளைச் சேர்த்தாலும் மூன்றாவது ஸ்டேஜில், அந்த அருவியில், கதை முடிந்துவிடும். அங்கே மேலே மேலே தாவி ஏற வேண்டும். ஒருவன் முந்தி ஏறினால் திரையும் அவனோடு மேலே நகரும். கீழே நிற்பவர் எதுவும் செய்யாமலே செத்துப்போவார். நான் நிற்கவே மாட்டேன். அக்கா கீழே விழுவாள், நாங்கள் சிரிப்போம். பிறகு ஒருநாள் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அவளுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் மறுபடி கோபிக்குப் போனபோது பையன் அவளுக்கு உசிருக் கோட்டை வைத்து, சுலப முறையில் போட்டுக் கொடுத்திருந்தான். தினமும் பொழுதோட கொஞ்ச நேரம் ஆடுகிறாளாம். நான் உட்கார்ந்திருந்தபோதே ஒரு ஸ்டேஜை முடித்தாள். கண்ணை எடுக்காமல், எந்த இடத்தில் எவன் வருவான் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே ஆடினாள். மனப்பாடம் செய்திருந்தாள். சுலப முறையில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்ற என் வாதம் அங்கேயே பாதி அடிபட்டுப் போனது.

"அடுத்த வாரம் இந்தக் கோட்டை எடுத்துட்டு ஆடலாம்னு இருக்கறேன்" என்றாள். அப்புறம் இன்னொரு ஜாய்ஸ்டிக்கை என் பக்கம் தள்ளினாள். "வா, சேந்து ஆடலாம். இந்தவாட்டியாவது நின்னு ஏறு."