சந்திரகிரிக் கோட்டையில் ஒரு பகல்

நம் குடியிருப்பில் திருமலைக்குச் சென்று வாராத குடும்பம் அரிது. வேங்கடவனைத் தொழுது, லட்டுப் பிரசாதத்தைக் கட்டிக்கொண்டு, அன்றிரவே இரயிலேறிவிடுவது நம்மவர் வழக்கம். திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் சந்திரகிரி என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கோட்டையையும் அதனுள் அமைந்த பொருட்காட்சிச்சாலையையும் எட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. யானும் பல்லாண்டுகள் அவ்வாறே கடந்து சென்றவன்தான். சென்ற விடுமுறையில், தமையனார் மகளை உடனழைத்துச் சென்று அதனைக் காணும் வாய்ப்புக் கிட்டியது.

பாறைக் குன்றின் அடிவாரத்தில், மதில் சூழ நிற்கின்றன இராசமகாலும் இராணிமகாலும். மூன்றடுக்குக் கொண்ட இராசமகாலில் மரம் என்பதே இல்லை. கல்லும் செங்கல்லும் சுண்ணச்சாந்துமே அத்துணைப் பெரிய மாளிகையைத் தாங்கி நிற்கின்றன. கீழே இசுலாமியர் பாணி வளைவுகள். மேலே கோயிற் சிகரங்களை ஒத்த முடிகள். விசயநகரத்தார் எவரிடமும் கலை கற்க நாணவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இம்மாளிகையில் 1988-89-இல் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் காட்சிச்சாலையை அமைத்தனர். யாகண்டி, கண்டிக்கோட்டை, குடிமல்லம் ஆகிய ஊர்களில் கிடைத்த சிற்பங்கள் இங்குள்ளன. செப்புத் திருமேனிகளும் உள. என் உள்ளம் நின்றது குடிமல்லத்தின் பெயரைக் கண்ட இடத்தில்தான். ஏர்ப்பேட்டுக்கு அருகிலுள்ள அச்சிற்றூரின் கோயிலில், ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள சிவலிங்கத்தின் முன்புறத்தில், கையில் ஆட்டையும் தோளில் மழுவையும் தாங்கிக் குள்ளன்மேல் நிற்கிறான் ஈசன். அது கிறித்து பிறப்பதற்கு முந்திய காலத்தது என்பர் அறிஞர் பலர். அக்கோயிலில் வாணர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்கள் உள்ளன. அவ்வூரைத் திருவிப்பிரம்பேடு என்று அவை குறிக்கின்றன.

"பெரியப்பா" என்று பழகிவிட்டதால் என்னையும் அவ்வாறே அழைக்கும் அச்சிறுமி, "இங்கிருந்த அரசருக்கும் சென்னைக்கும் என்ன உறவு?" என்றாள். அவள் பிறந்தது சென்னையில். வளர்வது நம் குடியிருப்பில். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. அதன்பின் அரசு பெனுகொண்டைக்கும், வேங்கடபதிராயர் காலத்தில் சந்திரகிரிக்கும் பெயர்ந்தது. 1639-இல் ஆங்கிலக் கும்பினியின் பிரான்சிஸ் டேக்குக் கடற்கரை மணல்வெளியை அளித்தவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அவர் சந்திரகிரி அரசருக்கு அடங்கிய தலைவர். அவர் தந்தை சென்னப்பரின் பெயரே சென்னைப் பட்டினத்துக்கு ஆயிற்று. அந்தச் சாசனம் இம்மாளிகையிலேயே எழுதப்பட்டது என உள்ளூரார் கூறுவர். அது செவிவழிச் செய்தி. 1645-இல் சீரங்கராயர் அக்கொடையை உறுதி செய்தமை வரலாறு. அடுத்த ஆண்டே கோல்கொண்டாப் படை இக்கோட்டையைக் கைக்கொண்டது. கொடுத்தவர் அரசு அழிய, பெற்றவர் கோட்டை வளர்ந்தது.

"அப்படியானால் இது நம் ஊரா, அவர்கள் ஊரா?" என்றாள். ஒரு சொல்லில் விடையிறுக்க என்னால் இயலவில்லை. வேங்கடத்தைத் தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் கூறும். வட ஆர்க்காட்டிலும் கடப்பையிலும் இருந்த பகுதிகளைச் சேர்த்து 1911-இல் அமைத்த மாவட்டம் சித்தூர். 1953-இல் அது ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960-இல் திருத்தணி மட்டும் நமக்குத் திரும்பியது. 2022 முதல் சந்திரகிரி புதிய திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. கோடுகள் இவ்வாறு மாறியவண்ணம் இருக்க, திருமலைக் கோயிற் கல்வெட்டுக்கள் ஆயிரத்திற்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை இன்றும் தமிழில் நிற்கின்றன. வெள்ளித் திருமேனி செய்தளித்த பல்லவர் குலத்துச் சாமவையின் கொடையும் தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. கிருட்டிணதேவராயரோ தம் கொடைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மும்மொழியிலும் பொறித்தார். வருவோர் எம்மொழியினராயினும் படிக்கட்டும் என்று கருதினார் போலும்!

இவற்றை எடுத்துரைத்தபோது அவள் கேட்டது, "எனக்கு அந்தப் பழைய எழுத்தைப் படிக்க வருமா?" என்பதே. அச்சுத் தமிழையே அவள் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். வீடு திரும்பியதும் அதனைத் தொடங்கியுள்ளோம்.

செல்ல விழையும் அன்பர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பார்களாக. அன்று காட்சிச்சாலைக்கு விடுமுறை. குழந்தைகளோடு செல்வோர்க்கு அரைநாளேனும் வேண்டும்.