குரப்பமும் பன்றிமயிர்ப் பிரஷும்

குதிரையின் உடலைத் தேய்த்துத் துப்புரவு செய்யும் வேலை அழகுக்காகச் செய்யப்படுவது போலத் தோன்றினாலும், குதிரையை நம்பி வாழ்ந்த சமூகங்களில் அது பெரும்பாலும் நோய்த்தடுப்பாகவும் அன்றாட உடற்சோதனையாகவுமே நடந்துவந்துள்ளது. எந்தக் குதிரைக்கு எந்தக் கருவி என்ற தேர்வும், அது லாயத்துக்குள் நிற்கிறதா வெட்டவெளியில் நிற்கிறதா என்பதைச் சார்ந்தே அமைந்தது.

இத்துறையின் பழைய எழுத்துச் சான்றுகளுள் தெளிவானது, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்சைச் சேர்ந்த படைத்தலைவர் செனபோன் குதிரையேற்றத்தைப் பற்றி எழுதிய நூலாகும். மேற்பகுதி அழுக்காக இருக்கையில் கீழ்ப்பகுதியைத் துடைப்பது வீண் என்பதால் தலையிலும் பிடரியிலும் தொடங்க வேண்டும் என்றும், முதுகெலும்பின் மேலுள்ள மயிரை எந்தக் கருவியாலும் தொடாமல் அது வளர்ந்த போக்கிலேயே கையால் தடவிவிட வேண்டும் என்றும், எலும்பு மேடான தலையை இரும்பாலோ மரத்தாலோ தேய்த்தால் வலிக்கும் என்பதால் தண்ணீரால் மட்டும் கழுவ வேண்டும் என்றும் அவர் விதிக்கிறார். நாள்தோறும் நனைவது குளம்புக்குக் கேடு என்று கால்களைக் கழுவுவதை அவர் தடுப்பது இன்றைய குதிரை வளர்ப்பாளரும் மறுக்காத கருத்து. இதற்கு நேர்மாறாக, கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரசுக் குதிரைகளை நாளுக்கு இருமுறை குளிப்பாட்டி, நறுமணப் பொருளும் மாலையும் அணிவிக்கச் சொல்கிறது. வெப்ப நாட்டில் நீர் முதன்மை பெற்றதில் வியப்பில்லை.

ஐரோப்பியக் குதிரைப்படைகள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இவ்வேலையை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தபோது, கருவிகளும் பணிக்கேற்பப் பிரிந்தன. அவற்றுள் முதலாவது குரப்பம். அதாவது, கைப்பிடி பொருத்திய இரும்புத் தகட்டில் வரிசை வரிசையாகப் பல் வெட்டிய சீப்பு. காய்ந்த சேற்றையும் சிக்கையும் உடைக்க அது பயன்பட்டாலும், மெல்லிய தோலுடைய குதிரையை அது கீறிவிடும் என்பதால், நல்ல லாயங்களில் குதிரையின் மேல் படாமல் பிரஷைச் சுத்தம் செய்வதற்கே அது ஒதுக்கப்பட்டது. இரண்டாவது, ‘டாண்டி’ எனப்பட்ட முரட்டுப் பிரஷ். பிளந்த திமிங்கலத் தாடைத் தகடுகளாலும் கெட்டியான தாவர நார்களாலும் செய்யப்பட்ட இது மேலோட்டமான மண்ணை உதறித் தள்ளியது. மூன்றாவதான உடல் பிரஷ், முட்டை வடிவமும் கையை நுழைத்துக்கொள்ள வாரும் உடையது. நெருக்கமாக நட்ட குட்டைப் பன்றிமயிர் தோல் வரை இறங்கிப் பொடுகையும் நெய்ப்பசையையும் வாரி எடுக்கும். சில இழுப்புகளுக்கு ஒருமுறை அதை மறுகையிலுள்ள குரப்பத்தில் உரசித் தூசியை நீக்குவர். ஜெர்மானியக் குதிரைப்படை லாயங்களில் வீரர்கள் குரப்பத்தைத் தரையில் தட்டி, அந்தத் தூசியை வெள்ளைக் கோடுகளாக விட்டுவைக்க வேண்டியிருந்தது; மேலதிகாரி குதிரையைப் பாராமல் கோடுகளை எண்ணியே வேலையை மதிப்பிட முடிந்தது என்பது படைக்கே உரிய சாமர்த்தியம்.

ஆயினும் உடல் பிரஷ் எல்லாக் குதிரைக்கும் ஏற்றதன்று. தோலிலிருந்து கசியும் நெய்ப்பசைதான் மழையையும் குளிரையும் தாங்கும் காப்பு. அதை முற்றிலும் வாரி எடுத்துவிட்டால், வெளியே கட்டப்பட்ட விலங்கு நனைந்து நடுங்கும். ஆகவே வெளியில் நிற்பவற்றுக்கு முரட்டுப் பிரஷால் மண்ணைத் தட்டிவிடுவதே போதுமானதாகக் கருதப்பட்டது. முதல் உலகப் போரில் மேற்குப் போர்முனையில் இக்காப்பின் அருமை கொடுமையாக வெளிப்பட்டது. நுண்ணிய பூச்சி தோலைத் துளைத்து உண்டாக்கும் சொறிநோய், ஒரே பிரஷையும் போர்வையையும் பல குதிரைகளுக்குப் பயன்படுத்துவதால் பரவியது. அதைத் தடுக்க மயிரைக் கத்தரித்தனர். கத்தரிக்கப்பட்ட குதிரைகள் 1917 வசந்தத்தில், அராஸ் போர் நடந்த கடுங்குளிரில், சேற்றில் நின்று பெருமளவில் மடிந்தன.

இந்தியாவில் இவ்வேலை சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர்களிடம் இருந்தது. வடக்கே ‘சைஸ்’ எனப்பட்டவர், சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் ஆங்கிலேயர் வழக்கில் ‘ஹார்ஸ்கீப்பர்’ ஆனார். தமிழர் வாயில் அவர் குதிரைக்காரர். அவருடன் புல்லறுக்கத் தனியாள் ஒருவரும் இருப்பது வழக்கம். பிரஷ் எத்தனை வந்தாலும், உள்ளங்கையாலும் முன்கையாலும் அழுத்தித் தேய்க்கும் மாலீஷே அவர்களுடைய தனித்திறமையாக விளங்கியது. வீக்கம், சூடு, சிறு காயம் ஆகியவற்றை முதலில் கண்டறிந்ததும் அந்தக் கையே. படைக் கையேடுகளை எழுதியவர்களின் பெயர்கள் நிலைத்திருக்க, அக்கையேடுகளுக்கு வேண்டிய அறிவைக் கையில் வைத்திருந்தவர்களின் பெயர்கள் பதிவாகாமற் போனது நியாயமன்று.

பிரஷுக்கான மூலப்பொருள் வேறொரு கதை. மயிர்நுனி இயற்கையாகவே பல கிளைகளாகப் பிளந்திருப்பதால் தூசியைப் பற்றும் பன்றிமயிர், ரஷ்யாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் உலகச் சந்தைக்குச் சென்றது. கெட்டியான பிரஷ்களுக்கும் துடைப்பங்களுக்கும் உதவும் பனந்தும்பு, அதாவது பனைமட்டையின் அடியிலிருந்து அடித்தெடுக்கும் நார், தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. இரண்டாம் உலகப் போரில் சீனத் துறைமுகங்கள் ஜப்பானியர் வசமானபோது, இமயமலைக்கு மேலாகப் பறந்து சீனாவுக்குத் தளவாடம் கொண்டுபோன விமானங்கள் திரும்புகையில் டங்ஸ்டனோடு பன்றிமயிரையும் ஏற்றிவந்தன.

1938இல் பல்துலக்கும் பிரஷில் அறிமுகமான நைலான் இழை, பின்னர் லாயத்துக்குள்ளும் புகுந்து முரட்டுப் பிரஷில் திமிங்கலத் தகட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வழுவழுப்பான அதன் நுனி தூசியைப் பற்றாமல் நழுவவிடுவதால், உடல் பிரஷுக்கு இயற்கை மயிரையே விரும்புவோர் இன்றும் உள்ளனர். குதிரையின் மேல் சேறுடைக்கும் பணி ரப்பர் சீப்புக்குப் போய்விட, இரும்புக் குரப்பம் உடல் பிரஷைத் துப்புரவு செய்யும் துணைக்கருவியாக மட்டும் நீடிக்கிறது.