கபாபிளாங்கா எடுக்காத குதிரை

செஸ்ஸுல கேம்பிட்னா தூண்டில் மாதிரி. ஒரு சிப்பாயைப் புழுவா போட்டுட்டு, எதிராளி அதை முழுங்குற நேரத்துல நம்ம படையை இறக்கிடலாம். சரி, முன்னபின்ன பார்க்காத கேம்பிட் எதிர்ல வந்து நின்னா என்ன பண்றது? என்னைக் கேட்டா 1918 அக்டோபர் 23, நியூயார்க் ஆட்டத்தைத்தான் காட்டுவேன்.

வெள்ளைக்கு க்யூபாவின் கபாபிளாங்கா, வயசு 29. கறுப்புக்கு அமெரிக்காவின் ஃபிராங்க் மார்ஷல். 1909-ல நடந்த மேட்ச்ல கபாபிளாங்கா 8 ஆட்டம் ஜெயிச்சார், மார்ஷலுக்குக் கிடைச்சது ஒண்ணே ஒண்ணு. அந்தக் கடுப்புல இந்த ஆயுதத்தை வருஷக்கணக்கா ஒளிச்சு வச்சிருந்தார்னு ஒரு கதை உலாவுது. நம்பாதவங்களும் நிறைய பேர்.

ரூய் லோபஸ் ஆரம்பம். 8-வது நகர்வுல மார்ஷல் டி5 தள்ளி, இ5 சிப்பாயை விட்டுக்கொடுத்தார். ஆள் வீட்டுப்பாடம் முடிச்சுட்டு வந்திருக்கார்னு தெரிஞ்சேதான் கபாபிளாங்கா அதை எடுத்தார்.

அப்புறம் வந்தது புயல். மார்ஷலோட குதிரை ஜி4-ல வந்து, 'என்னை எடு'ன்னு நின்னுது. எடுத்தா ராணி எச்4-க்கு வந்து கதையை முடிச்சிடும். எடுக்கலை, தன் ராணியை எஃப்3-க்குக் கொண்டு வந்தார். அதே குதிரை எஃப்2 சிப்பாயை அடிச்சுது. ராணியால எடுத்தா மந்திரி எச்2-ல செக் வச்சு மாட்டிவிடும். அப்பவும் எடுக்கலை, 16-வது நகர்வுல யானையை இ2-க்கு நகர்த்தினார். ஆட்டமே இங்கதான் திரும்புச்சுன்னு எனக்குத் தோணுது.

அடுத்து ஒரு யானையைக் கொடுத்து, மந்திரியையும் அந்தக் குதிரையையும் வாங்கிட்டார். ராஜா பொடிநடையா சி2 வரைக்கும் போய்ச் சேர்ந்துட்டார். கறுப்பு ராணியும் மந்திரியும் ஒரு ஓரத்துல கிடக்க, இந்தப் பக்கம் வெள்ளைச் சிப்பாய்கள் கிளம்பிடுச்சு. 36-வது நகர்வோட முடிஞ்சுது.

புது கேம்பிட்டுக்கு விடை மனப்பாடத்துல இருக்காது. இலவசமா நீட்டுறதை எல்லாம் எடுக்காம, ஒவ்வொரு நகர்வுக்கும் 'இப்ப எது ஆபத்து'ன்னு மட்டும் கேட்கணும். கபாபிளாங்கா பண்ணது அவ்வளவுதான்.

இதோட கேம்பிட் செத்துப்போச்சான்னா, அதுவும் இல்லை. தோத்தது அந்த ஒரு வழிதான். பின்னால குதிரையை டி5-லயே விட்டு சி6 தள்ளுற வழி வந்து, மார்ஷல் அட்டாக் மரியாதையான ஆட்டமாயிடுச்சு. 1993 உலகப் பட்டப் போட்டியில ஷார்ட்டுக்கு எதிரா காஸ்பரோவே ஏ4 தள்ளி, அது வராம பார்த்துக்கிட்டார்னா பார்த்துக்குங்க!