பெங்களூரு டு சான் பிரான்சிஸ்கோ: மேப்பில் நேர்க்கோடு போட்டா 2,000 கி.மீ கூடுதல்! எப்படித் தெரியுமா?

ஆம்பூர்க்காரர்கள் வெளிநாடு கிளம்பும்போது வீட்டில் முதலில் வரும் பேச்சு, "சென்னையில ஏறுறதா, பெங்களூர்ல ஏறுறதா?" என்பதுதான். ஹைவேயில் கிழக்கே போனால் சென்னை, மேற்கே போனால் பெங்களூரு. எதில் ஏறினாலும், சீட்டுக்கு முன்னால் இருக்கும் திரையைப் பார்த்ததும் இன்னொரு கேள்வி வரும். "அமெரிக்கா போற ஃப்ளைட் எதுக்கு இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது? நேரா போனா சீக்கிரம் போயிடலாமே?"

உண்மையில் அந்த வளைவுதான் நேர்வழி. வளைந்திருப்பது மேப்!

லாஸ்ட்டும் பேட்டர்னும்

இதைப் புரிஞ்சுக்க உங்க ஊர் ஷூ கம்பெனியே போதும். ஷூ செய்ய முதலில் பாத வடிவத்தில் 'லாஸ்ட்' எனும் அச்சு வேண்டும். பேட்டர்ன் போடுகிறவர் அதன் மேல் டேப் ஒட்டி, கோடு வரைந்து, உரித்தெடுத்துப் பேப்பரில் விரிப்பார். அது அப்படியே படியாது. ஓர் இடத்தில் மடிப்பு விழும், இன்னோர் இடத்தில் வெட்டிவிட வேண்டியிருக்கும். காரணம், வளைந்த பரப்பைச் சுருக்கமோ கிழிசலோ இல்லாமல் தட்டையாக்க முடியாது.

உலக மேப்பும் ஒரு பேட்டர்ன்தான். உருண்டையான பூமியை உரித்துத் தட்டையாக்கியிருக்கிறார்கள். 1569-ல் மெர்கேட்டர் போட்ட மேப்பின் வழிவந்ததுதான் இன்று போனில் நாம் பார்ப்பதும். அதில் வடக்கே போகப் போக நிலம் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா சைஸுக்குத் தெரிவது அதனால்தான். நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு பெரியது.

பெருவட்டம்னா என்ன?

ஒரு ஷூ லேஸை எடுங்க. ஃபுட்பாலில் இரண்டு புள்ளி வைத்து, லேஸை இறுக்கிப் பிடிங்க. அது எந்த வழியில் படிகிறதோ அதுதான் மிகக் குறைந்த தூரம். அந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் பந்தைச் சரிபாதியாக வெட்டும் வட்டம் கிடைக்கும். அதற்குப் பெயர் பெருவட்டம். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம்.

கணக்கும் ஈஸிதான். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அதை 360 டிகிரியால் வகுத்தால், ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கி.மீ. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் பெங்களூரு, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையங்களுக்கு இடையே உள்ள கோணம் சுமார் 126 டிகிரி. பெருக்கிப் பாருங்க: ஏறக்குறைய 14,000 கி.மீ!

இந்த வழி எங்கெல்லாம் போகும் தெரியுமா? பெங்களூரிலிருந்து வடக்கே ஏறி, நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா தாண்டி, ஆர்க்டிக் ஓரமாக வளைந்து, அலாஸ்கா வழியாக இறங்கும். மாறாக, பிலிப்பைன்ஸுக்கும் தைவானுக்கும் நடுவில் பசிபிக்கைக் கடந்து, மேப்பில் நேர்க்கோடாகத் தெரியும் வழியில் போனால் சுமார் 16,100 கி.மீ. வித்தியாசம் 2,000 கி.மீ-க்கு மேல். விமானத்துக்கு அது இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பறத்தல்.

அப்போ விமானம் அதே கோட்டில்தான் போகுமா?

இல்லை. முதல் தடை திபெத். கேபினில் காற்றழுத்தம் குறைந்தால் விமானம் உடனே சுமார் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். ஆனால் திபெத்தில் தரையே சராசரியாக அதைவிட உயரம்! பயணிகளின் ஆக்ஸிஜன் மாஸ்க் தாங்குவதோ சில நிமிடங்கள்தான்.

இரண்டாவது, காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று பல நேரம் மணிக்கு 150 கி.மீ-யைத் தாண்டும். முதுகில் தள்ளினால் லாபம், முகத்தில் அடித்தால் எரிபொருள் காலி. அதனால் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக இருக்காது.

2021 ஜனவரி 9-ல் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் வட துருவத்தின் மேல் பறந்து, 11-ம் தேதி அதிகாலை பெங்களூரில் இறங்கியது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில், காக்பிட்டில் எல்லோரும் பெண்கள். பெருவட்டக் கோடு வடக்கே சுமார் 71 டிகிரி வரைதான் ஏறும், துருவத்தைத் தொடாது. ஆனாலும் நிலம், காற்று எல்லாம் சேர்த்துப் பார்த்து அன்றைக்கு அந்த வழி எடுக்கப்பட்டது.

உங்க ஊருக்கு இதில் என்ன?

தோல் பெல்ட்டின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று ஜெர்மனி. சென்னை - ஃபிராங்ஃபர்ட் பெருவட்டத் தூரம் சுமார் 7,600 கி.மீ. அந்தக் கோடு குஜராத், பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், கருங்கடல், கிரிமியா வழியாகப் போகிறது. வரிசையைக் கவனிச்சீங்களா? 2022 பிப்ரவரி முதல் உக்ரைன் வான்வெளியில் பயணிகள் விமானம் இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வழியை மூடியது. அதே வருடம் ஜூனில் ஈரான் வானமும் மூடப்பட்டது. ஒவ்வொரு மூடலும் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றும் எரிபொருள்.

கடலிலும் இதே கதை. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்கு 10 நாளுக்கு மேல் தாமதம். பையர் கொடுத்த தேதிக்குச் சரக்கு சேராது என்றால் விமானத்தில் அனுப்ப வேண்டும். தாமதம் யார் மேல் எழுதப்படுகிறதோ அவர் தலையில்தான் அந்தச் செலவு. பல நேரம் அது இங்கே இருக்கும் கம்பெனி. ஒரு ஜோடியில் நிற்கும் லாபமே கொஞ்சம். அது கரைந்தால் ஓவர்டைமில் தொடங்கி அடுத்த ஆர்டர் வரை அடிபடும். தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் அக்காக்களுக்கு அது நேரடியாகத் தெரியும்.

டிக்கெட் போடும் முன்

* கூகுள் மேப்ஸில் தூரத்தை அளவிடும் வசதியில் இரண்டு ஏர்போர்ட்டையும் குறித்துப் பாருங்க. கோடு வளைந்து வரும், அதுதான் பெருவட்டம்.
* அந்தத் தூரத்தை 900-ஆல் வகுத்தால் குறைந்தபட்சப் பறக்கும் நேரம் தோராயமாகக் கிடைக்கும். டிக்கெட்டில் நேரம் ரொம்பக் கூடுதலாக இருந்தால், சுற்றுவழியா, நடுவில் இறங்குகிறதா என்று பாருங்க.
* போகும் நேரமும் வரும் நேரமும் வேறாக இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் காரணம் காற்று.

அடுத்த முறை திரையில் விமானம் வளைந்து போவதைப் பார்த்து பக்கத்து சீட்காரர் முணுமுணுத்தால், உங்க ஷூ லேஸைக் கழற்றிக் காட்டுங்க!